விரல் விட்டு எண்ணுனா தப்பா? மூணாங்கிளாஸ் கணக்குல ஒரு டவுட்

குட்டிமா_அம்மா:
பொண்ணு மூணாவது படிக்கிறா. 7+5 கேட்டா கைய டெஸ்க்குக்கு அடியில ஒளிச்சு வச்சு விரல மடக்கி எண்ணிட்டுத்தான் 12ங்கிறா, மிஸ் பாத்தா திட்டுவாங்களாம். பேரண்ட்ஸ் மீட்டிங்ல விரல் பழக்கத்த விடச்சொல்லுங்க, வாய்ப்பாட்ட கடகடன்னு ஒப்பிக்கணும்னுட்டாங்க. இவங்கப்பா, மனப்பாடமே வேணாம் புரிஞ்சா போதும்ங்கிறார். மாமியார் வேற நம்ம வீட்டு பொம்பளப்புள்ளைங்களுக்கு கணக்கு ஏறாதுன்னு அவ காதுபடவே சொல்றாங்க. யார் பேச்சத்தான் கேக்குறது?

சாக்பீஸ்:
அக்கா, நான் பிரைமரி டீச்சர். மொதல்ல அந்த கைய டெஸ்க்குக்கு மேல வைக்கச் சொல்லுங்க. சுவிட்சர்லாந்துல தெவ்னோங்கிறவங்க குழு அஞ்சு ஆறு வயசு புள்ளைங்கள்ல விரலே யூஸ் பண்ணாதவங்களுக்கு விரல் விட்டு கூட்ட சொல்லிக்குடுத்தாங்க, 37% சரியா போட்டவங்க 77%க்கு வந்துட்டாங்க, 2024ல வந்த ஆய்வு. ஆனா உங்க பொண்ணு அந்த வயச தாண்டிட்டா, அதனால தடை போடாம வேற வழி காட்டணும். 7க்கு 3 குடுத்தா 10, அஞ்சுல மிச்சம் 2, ஆக 12. இத புளியங்கொட்டைய வச்சு கொஞ்ச நாள் செய்யுங்க, விரல் தானா போயிடும்.

கணக்குப்பிள்ளை:
அப்பா சொல்றதுல பாதிதான் சரி. 6×8ன்னா ஆறு எட்டு தடவன்னு புரியணும், வாஸ்தவம், ஆனா நாலாவதுல பெரிய வகுத்தல் கணக்கு வர்றப்ப ஒவ்வொரு ஸ்டெப்லயும் 6×8 எவ்ளோன்னு கூட்டிட்டு நின்னா எந்த ஸ்டெப்ல இருந்தோம்ங்கிறதே மறந்துடும். புரியுறதும் பழகுறதும் ஒண்ண ஒண்ணு தூக்கி விடும்னு 2001லயே தசம எண்ண வச்சு ரிட்டில்-ஜான்சன்ங்கிற ஆய்வாளர் டீம் காட்டிட்டாங்க. இன்னும் இங்க பட்டிமன்றம்தான் நடக்குது.

ரோட்டோரக்கடை:
இதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய் சார். எங்க ஏரியா மார்க்கெட்ல காய் விக்கிற பையன் நோட்டே தொடாம பில்லு சொல்றான், அவனுக்கு எந்த மிஸ்ஸு சொல்லிக்குடுத்தாங்க?

கணக்குப்பிள்ளை:
ப்ரோ, இதயே கொல்கத்தாலயும் டெல்லிலயும் சோதிச்சு பாத்துட்டாங்க, பொருளாதாரத்துல நோபல் வாங்குன எஸ்தர் டுஃப்ளோ, அபிஜித் பானர்ஜி எல்லாம் இருந்த ஆய்வு, 2025ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. கடைப் பசங்க கிலோ 20 ரூபான்னா 800 கிராம் உருளைக்கிழங்கு 16 ரூபான்னு மனசுலயே போட்டுடுறாங்க, ஆனா பேப்பர்ல வெறும் வகுத்தல் கணக்க குடுத்தா திணறுறாங்க. ஸ்கூல் புள்ளைங்க பேப்பர்ல பரவால்ல, கடைக்கணக்குல கவுந்துடுறாங்க. ரெண்டு பக்கமும் ஓட்டைதான், நீங்க ஒரு பக்கத்த மட்டும் சொல்றீங்க.

ரோட்டோரக்கடை:
ம்ம், அப்ப அந்தப் பையனுக்கும் ஸ்கூல் வேணும்ங்கிறீங்க. சரி, ஒத்துக்குறேன்.

சாக்பீஸ்:
இன்னொண்ணு அக்கா, ஹோம்வொர்க் ஷீட்ட பாருங்க. 52−38, 71−46ன்னு பக்கம் பூரா கடன் வாங்குற கழித்தலாவே இருந்தா கேள்விய படிக்காமலே போட்டுடுவா, டெஸ்ட்ல கூட்டல் நடுவுல வந்தா மாட்டிப்பா. ஃப்ளோரிடால ரோரர்னு ஒருத்தர் 54 ஏழாம் வகுப்புங்கள்ல கணக்க கலந்து கலந்து குடுத்து பாத்தார், ஒரு மாசம் கழிச்சு சொல்லாம வச்ச டெஸ்ட்ல கலந்து போட்டவங்க 61%, ஒரே வகையா போட்டவங்க 38%. போடுறப்ப கஷ்டமாத்தான் இருக்கும், புள்ள மூஞ்சிய தூக்கி வச்சுப்பா, விடாதீங்க.

குட்டிமா_அம்மா:
எல்லாருக்கும் தேங்க்ஸ். மாமியார் மேட்டர மட்டும் யாருமே தொடலயே 😅

சாக்பீஸ்:
அது பெரிய வில்லங்கம்கா! அமெரிக்கால பைலாக்னு ஒரு ஆய்வாளர் 2010ல ஒண்ணு ரெண்டாம் கிளாஸ்ல பாத்தாங்க. கணக்குன்னாலே பயப்படுற லேடி டீச்சர்ஸ் கிளாஸ்ல, வருஷக்கடைசில சில பொண்ணுங்க பசங்களுக்குத்தான் கணக்கு வரும்னு நம்ப ஆரம்பிச்சாங்க, அப்படி நம்புனவங்க மார்க்கும் கம்மியாச்சு. வருஷ ஆரம்பத்துல அந்த வித்தியாசமே இல்ல. பெரியவங்ககிட்ட சண்டைக்கு நிக்காதீங்க, மாமியார் கடைக்கு போறப்ப பொண்ண கூட அனுப்பி மீதிச் சில்லறைய அவளையே எண்ணி பாட்டி கையில குடுக்கச் சொல்லுங்க.