கிலுகிலுப்பையை மடக்கி உழலாமா? ஆடுகள் மேய்ந்தால் கேடு உண்டா?

கேள்வி (புதுக்கோட்டை விவசாயி):
வணக்கம். தரிசாகக் கிடந்த என் மானாவாரி நிலத்தில், ஐப்பசி மழைக்குப் பின் கிலுகிலுப்பை இடுப்பளவு வளர்ந்து பூவும் காயுமாக நிற்கிறது. இலை அடியில் குறுகி, நுனியில் அகன்று, நடுவே சிறு பள்ளத்துடன் முடிகிறது. முற்றிய காய்கள் கறுத்து, காற்றடித்தால் வரப்பு நெடுகக் கலகலக்கின்றன. சணப்பையும் இந்த இனம்தான் என்பதால், இதையே பசுந்தாள் உரமாக மடக்கி உழலாமா? என்னிடம் எட்டு வெள்ளாடுகள் இருக்கின்றன. அவை இதை மேய்ந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

மறுமொழி (பசுந்தாள் பயிரிடுபவர்):
நீங்கள் சொல்லும் இலை அமைப்பைப் பார்த்தால் அது குரோட்டலேரியா ரெட்யூசா. சணப்பை குரோட்டலேரியா ஜுன்சியா. அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், காயின் மேல் மென்மயிர் படர்ந்திருக்கும். இரண்டின் வேர்முடிச்சுகளும் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துவதால் உழுவது வீண்போகாது. ஆனால் பூக்கும் தறுவாயிலேயே உழுதிருக்க வேண்டும். இப்போது உழுதால் முற்றிய விதைகள் மண்ணில் புதைந்து, கடினமான தோலின் காப்பில் கிடந்து, ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். கறுத்த காய்களை முதலில் கொய்து எரித்துவிட்டு, பிறகு ஏர் பூட்டுங்கள்.

மறுமொழி (கால்நடை மருத்துவர்):
ஆடுகளைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. இச்செடியில், குறிப்பாக விதையில், மோனோகுரோட்டலின் என்னும் நச்சு உள்ளது. அது கல்லீரலைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும். குதிரை, மாடு, பன்றி, கோழி ஆகியவற்றைவிட ஆடுகள் இதை ஓரளவு தாங்கும் என்றாலும் தப்பிவிடும் என்பதில்லை. தின்று வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்தே மெலிவும் மஞ்சள் காமாலையும் தெரியும் என்பதால், காரணத்தை எவரும் செடியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பச்சைச் செடியை ஆடுகள் பெரும்பாலும் ஒதுக்கும். வேறு மேய்ச்சல் இல்லாத கோடையிலும், உலர்தீவனத்தில் கலந்து வரும்போதும்தான் ஆபத்து. மனிதருக்கும் இது பொருந்தும்: 1975-இல், அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்தோடு கலந்த இவ்வினத்து விதைகளை உண்டு 67 பேர் கல்லீரல் நோய்க்கு ஆளாகி, 28 பேர் இறந்தனர். தானியம் புடைக்கும் களத்தருகே இச்செடியை விட்டுவைக்காதீர்கள்.

மறுமொழி (வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்):
ஆடு எட்டாத வேலிக்கு வெளியே நான்கைந்து செடிகளையாவது விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீல வரியன், வெந்தய வரியன் ஆகியவற்றின் ஆண் பூச்சிகள் இதே நச்சைத் தேடித்தான் வருகின்றன. வாடிய தண்டிலும் காயிலும் அமர்ந்து உறிஞ்சிய அதைக்கொண்டே அவை பெண்ணை ஈர்க்கும் மணப்பொருளை உருவாக்குகின்றன. நண்பகலில் ஒரு வாடிய கிளையில் பத்துப் பூச்சிகள் சிறகு மடக்கி ஒட்டியிருந்ததையும், கையை அருகில் கொண்டுபோனபோதும் அவை பறக்காததையும் கண்டிருக்கிறேன்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. நாளைக் காலையிலேயே காய் கொய்யத் தொடங்குகிறேன். களத்தை ஒட்டிய வரிசையை முதலில் அகற்றிவிடுகிறேன். தெற்கு வேலிக்கு அப்பால் ஓடைக்கரையில் நிற்கும் செடிகளை, ஆடுகள் அங்கே போவதில்லை என்பதால், அப்படியே விட்டுவிடுகிறேன்.