சங்க் காஸ்ட்: ‘மூழ்கிய செலவு’ என்பதை மாற்றலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம். சங்க் காஸ்ட் (sunk cost) என்பது ஏற்கெனவே ஆகிவிட்டு, இனி எந்த முடிவை எடுத்தாலும் திரும்பக் கிடைக்காத செலவு. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘மூழ்கிய செலவு’ என்பதை மாற்றலாம் என்றதற்கு வந்த கேள்வி இது:

> ‘மூழ்கிய செலவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பிறகு எதற்கு அதைத் தொட வேண்டும்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். பாடக்குறிப்புகளில் இருக்கிறது, கட்டுரைகளிலும் பார்க்கிறேன். ஆனால் இருபது வருடமாக ஆலைகளுக்கு அடக்கக் கணக்குப் போட்டுக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் சொல் உணர்த்த வேண்டியதற்கு நேர் எதிரானதை உணர்த்துகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் பணம் காசுப் பேச்சில் மூழ்குவது எது? அடகு வைத்த நகை. கெடுவுக்குள் வட்டி கட்டாவிட்டால் நகை மூழ்கிவிடும், ஏலத்துக்குப் போய்விடும். மூழ்கப் போகிறது என்று கடிதம் வந்தால் என்ன செய்வோம்? எங்காவது கைமாற்று வாங்கி, வட்டியைக் கட்டிக் காப்பாற்றுவோம். மேற்கொண்டு கொஞ்சம் போட்டால் முன்னே போனதைக் கரையேற்றிவிடலாம் என்ற நினைப்பு ‘மூழ்குதல்’ என்ற சொல்லோடு ஒட்டியே வருகிறது. சங்க் காஸ்ட் என்ற கருத்து சொல்வதோ, மேற்கொண்டு எவ்வளவு போட்டாலும் அது திரும்பாது, ஆகவே இனி எடுக்கும் முடிவில் அதைக் கணக்கில் சேர்க்காதே என்பது. எந்தத் தவறிலிருந்து மாணவனைத் தடுக்க இந்தக் கருத்தைக் கற்பிக்கிறோமோ, அதே தவறுக்குள் சொல்லே அவனைத் தள்ளிவிடுகிறது.

இன்னொன்று, ‘முழுகிப் போச்சு’ என்றாலே நட்டம். “போட்ட முதல் முழுகிப் போச்சு” என்பது கடையை மூடியவர் சொல்வது. ஆனால் சங்க் காஸ்ட் நட்டமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கிணற்றில் தண்ணீர் பொங்கி வந்தாலும் அதை வெட்டிய கூலி சங்க் காஸ்ட்தான். அந்தக் கூலியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. நாளைக்கு அந்தத் தண்ணீரில் மஞ்சள் வைப்பதா, சோளம் விதைப்பதா என்ற முடிவுக்கு வெட்டுக்கூலி சம்பந்தமே இல்லாதது.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்த காலம். கிணறு வற்றிவிட்டது என்று அப்பா போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார். துளை போடும் திருச்செங்கோட்டு வண்டி வந்தது. 650 அடி வரை புகைதான், ஈரமே இல்லை. வண்டிக்காரர் நிறுத்திக் கேட்டார். “இவ்வளவு தூரம் வந்தாச்சு, இப்ப நிறுத்தினா போட்டதெல்லாம் வீண்” என்றார் அப்பா. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன” என்று தைரியம் சொன்னார். 900 அடி வரை போனது. தண்ணீர் வரவில்லை. அந்த வருடம் அம்மாவின் வளையல் மூழ்கியது. அதனால்தான் இந்தச் சொல்லை என்னால் சும்மா விட முடியவில்லை.

650 அடியில் அப்பா கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்ன என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேச்சுக்கு, அதுவரை 70,000 ரூபாய் ஆகியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆழம் கூடக்கூட அடிக்கூலியும் கூடும், ஆகவே அடுத்த 250 அடிக்கு 50,000. இப்போது கேட்க வேண்டியது இந்த 50,000 ரூபாயைப் பற்றி மட்டும். இதே பணத்தை இங்கே இறக்கினால் தண்ணீர் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? வேறு இடத்தில் புதிதாகப் போட்டால் எவ்வளவு? இல்லை, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மானாவாரிக்கு மாறிவிடலாமா? இந்த மூன்றில் எதை எடுத்தாலும் 70,000 போனது போனதுதான். மூன்றிலும் ஒரே மாதிரி இருப்பது எதையும் தீர்மானிக்காது.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போன காசு கணக்கில் வராது என்றேன், ஆனால் போட்ட குழி வரும். 650 அடிக் குழி தயாராக இருப்பதால்தான் அதே இடத்தில் 900 அடியைத் தொட 50,000 போதும். வேறு இடத்தில் என்றால் 1,20,000 வேண்டும். அதுபோல, 650 அடி வரை ஈரமில்லை என்று தெரிந்துகொண்டதும் கணக்கில் வரும். செலவை மறந்துவிடு என்றால், செலவழித்ததால் கைக்கு வந்ததையும் மறந்துவிடு என்று பொருளல்ல. பாடம் நடத்துகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஆலைகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். திருப்பூரில் ஆர்டர் குறைந்த மாதம். பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவர், காஸ்டிங் ஷீட்டில் (அடக்கக் கணக்குத் தாளில்) இருக்கும் அடக்கத்தைவிடக் குறைத்துக் கேட்கிறார். அந்த அடக்கத்துக்குள் நிட்டிங் மெஷின் வாங்கிய விலையின் தேய்மானமும் உட்கார்ந்திருக்கிறது. நூல், டையிங், பீஸ் ரேட் கூலி, கரண்ட், பேக்கிங் போக ஏதாவது மிஞ்சினால் அந்த மாதத்துக்கு அந்த ஆர்டர் லாபம்தான். எல்லா மாதமும் இப்படியே எடுத்தால் மெஷின் தேய்ந்த பிறகு புதிது வாங்கப் பணம் இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்வேன். எந்தக் கேள்விக்கு எந்தச் செலவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். ஜான் மாரிஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1923லேயே இதை வலியுறுத்தினார்: நோக்கம் மாறினால் செலவும் மாறும்.

நாடுகள் அளவில் எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு, ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்ட் பயணிகள் விமானம். பிரிட்டனும் பிரான்சும் 1962இல் ஒப்பந்தம் போட்டு, செலவு ஏறிக்கொண்டே போக, விடாமல் கட்டின. மொத்தம் 20 விமானங்கள், அவற்றில் 14 மட்டுமே பயணிகள் சேவைக்கு வந்தன. போட்டது வீணாகக் கூடாது என்று மேலும் மேலும் போடும் மனப்போக்குக்கு, விலங்குகளின் நடத்தையை ஆராய்கிறவர்கள்கூடக் ‘கன்கார்ட் பிழை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே கன்கார்டை 1980களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஓட்டி லாபம் பார்த்தது. உருவாக்கிய செலவு திரும்பாது என்று ஒதுக்கிவிட்டு, எரிபொருளையும் பராமரிப்பையும் டிக்கெட் வருமானத்தையும் மட்டும் பார்த்தால் பறக்கவிடுவது சரியான முடிவாக இருந்தது. கட்டும்போது ‘நிறுத்து’ என்று சொல்லியிருக்கக் கூடிய அதே கணக்கு, கட்டி முடித்த பிறகு ‘ஓட்டு’ என்றது. ‘மூழ்கிய’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை மாணவருக்கு எப்படி விளக்குவது?

என் முன்மொழிவு: மீளாச் செலவு.

‘வாராக் கடன்’ என்று வங்கிகள் சொல்லி, செய்தித்தாள்கள் எழுதி, மக்களுக்கும் பழகிவிட்டது. அதே அச்சு. தவிர, ‘மீளும் செலவு’ என்ற எதிர்ச்சொல் தானாகவே கிடைக்கிறது. 10 லட்சத்துக்கு வாங்கிய மெஷினை இன்று விற்றால் 4 லட்சம் கிடைக்குமென்றால், 6 லட்சம் மீளாச் செலவு, 4 லட்சம் மீளும் செலவு. ‘மூழ்கிய செலவு’க்கு எதிர்ச்சொல்லாக ‘மிதக்கும் செலவு’ என்றா எழுதுவது?

ஈரோட்டிலிருந்து

*

வணக்கம் அண்ணா.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். அடகு நகை உதாரணம் எங்கட பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிபடாது, ஆனால் உங்கட முடிவு சரியென்றே நினைக்கிறேன். வேறொரு காரணமும் இருக்கிறது. என்னிடம் படிப்பவர்களில் அரைவாசிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். மூழ்கினது என்றால் அவர்களுக்குப் படகுதான். மூழ்கின படகைச் சுழியோடிகள் கயிறு கட்டித் தூக்குவார்கள், இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துப் பாவிப்பார்கள். ஆகவே ‘மூழ்கியது திரும்ப வராது’ என்று நான் சொன்னால், “ஏன் டீச்சர், எடுக்கலாம்தானே?” என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் பிழையில்லை.

‘செலவு’ என்பதில் மட்டும் எங்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம். கணக்கீட்டில் நாங்கள் ‘கிரயம்’ என்போம். கிரயக் கணக்கீடு, மேந்தலைக் கிரயம் (overhead cost) என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். பொருளியலுக்குப் போனால் அங்கே ‘செலவு’ வந்துவிடும். நீங்கள் வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தெரிவு செய்வதால் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பின் பெறுமதி) என்பது எங்களுக்கு அமையச் செலவு. ‘மீளாக் கிரயம்’ என்றும் சொல்ல முடிவதால் உங்கட சொல் இரண்டு கரைக்கும் பொருந்தும்.

ஒரு கேள்வி. கடையொன்றை மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்தாயிற்று. இடையில் விட்டாலும் மிச்ச வாடகையைக் கட்டத்தான் வேணும் என்று ஒப்பந்தம். அந்தக் காசு இன்னும் கையைவிட்டுப் போகவேயில்லை. போகாத காசு எப்படி மீளும், எப்படி மீளாமல் விடும்? ஆனால் முடிவெடுக்கும்போது இதையும் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லைதானே?

யாழ்ப்பாணத்திலிருந்து

*

தம்பி,

நகை மூழ்கும் வழக்கை இங்கே கொண்டுவந்தது பொருத்தம். இலக்கணத்தில் தடையில்லை. ‘மீளா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ‘ச்’ மிகும். ஒற்றை விட்டுவிட்டு ‘மீளா செலவு’ என்று எழுதிவிடாதீர்கள்.

எனக்கு மூன்று தயக்கங்கள். இன்றைக்கு ‘மீளா’ என்றதும் நினைவுக்கு வருவது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. மீளாத் துயில், மீளாத் துயர். நட்டச் சாயல் வேண்டாமென்று ஒன்றைத் தள்ளிவிட்டு, துக்கச் சாயலுள்ள வேறொன்றைக் கொண்டுவருகிறோமோ? சுந்தரர் ‘மீளா அடிமை’ என்று பாடும்போது அதில் துக்கம் இல்லை, உறுதிதான் இருக்கிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்து, பாடநூலில் ‘மாறாச் செலவு’ ஏற்கெனவே இருக்கிறது. மாறா, மீளா இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் பையன்கள் குழப்பிக்கொள்வார்கள். மூன்றாவது ஓர் எச்சரிக்கை: எதிர்ச்சொல்லைச் சுருக்கி ‘மீள்செலவு’ என்று யாரும் ஆக்கிவிடக் கூடாது. மீள்பதிவு, மீள்சுழற்சி என்று பழகிய கண் அதைத் திரும்பத் திரும்ப ஆகும் செலவு என்றுதான் படிக்கும்.

‘ஆன செலவு’ என்று எளிமையாகச் சொன்னால் என்ன? “ஆன செலவு ஆச்சு, இனி ஆகறதைப் பாரு” என்று வீட்டில் பெண்கள் சொல்வதுதானே இந்தக் கருத்து முழுவதும்?

மதுரையிலிருந்து

*

ஐயா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி.

‘ஆன செலவு’ என்னையும் இரண்டு நாள் தடுமாற வைத்துவிட்டது, அவ்வளவு இயல்பாக இருக்கிறது. ஆனால் மெஷின் கணக்கில் அது உதவவில்லை. 10 லட்சமும் ஆன செலவுதான், மீளாதது அதில் 6 லட்சம் மட்டும். மீதி 4 லட்சத்தை மறந்துவிட்டால் அது பெரிய தவறு. விற்றால் வரக்கூடிய அந்தப் பணத்தை வேண்டாமென்று விட்டுத்தான் மெஷினை வைத்திருக்கிறோம், அதுதான் வாய்ப்புச் செலவு. ஆகவே ‘ஆன செலவு’ என்பதை முழுத்தொகைக்கும், ‘மீளாச் செலவு’ என்பதை அதில் திரும்பாத பகுதிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் தந்த வாக்கியத்தை அப்படியே பட்டியலின் விளக்கத்தில் சேர்க்க அனுமதி வேண்டும்.

மாறா, மீளா குழப்பம் நியாயமான அச்சம்தான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதால் ஒரு நன்மை உண்டு. கடை வாடகை மாறாச் செலவு. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் அதே வாடகை. ஆனால் குத்தகைக் கட்டு இல்லாத கடையைக் காலி செய்தால் அடுத்த மாதத்திலிருந்து அது இல்லை, ஆகவே மீளாச் செலவு அல்ல. கடைக்குள் போட்ட ஃபால்ஸ் சீலிங் மீளாச் செலவு. கடையை மூடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். சுவரொட்டிச் சாயலைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. துயிலோ அடிமையோ, மீளா என்றால் திரும்பாது என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. எனக்கு வேண்டியதும் அந்த உறுதிதான்.

குத்தகைக் கேள்வி என்னை மடக்கிவிட்டது, தங்கச்சி. முடிவெடுக்கும்போது அதையும் ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ‘மீளா’ ஒட்டவில்லை. தனிச்சொல் வேண்டும். ‘கட்டுண்ட செலவு’ என்று வைக்கலாமா? இன்னும் கொடுக்கவில்லை, ஆனால் கொடுத்தே ஆக வேண்டும். கடையின் சொந்தக்காரரோடு பேசி முன்கூட்டியே விடுவித்துக்கொள்ள வழியிருந்தால், அந்த அளவுக்குக் கட்டு அவிழும். மீளாச் செலவுக்கு அந்த வழி இல்லை. அதனாலேயே பிரித்துச் சொல்வது நல்லது.

இதை யோசிக்கும்போதுதான் கன்கார்டைப் பற்றி நான் எழுதியது அரைகுறை என்று பட்டது. 1964இல் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அந்தத் திட்டத்தைக் கைவிட விரும்பியது. முடியவில்லை. 1962 ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டும் விலகிக்கொள்ள இடமே வைக்கவில்லை. விலகினால் பிரான்சு பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போகும் என்ற அச்சம் வேறு. ஆக, போட்ட பணத்தின் மேலிருந்த பற்றினால் மட்டும் அவர்கள் தொடரவில்லை, இனிப் போட வேண்டிய பணமே கட்டுண்டிருந்தது. மீளாச் செலவுக்கு உலகமே காட்டும் எடுத்துக்காட்டில் பாதி, கட்டுண்ட செலவு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தால் எனக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

மீளாச் செலவு: ஏற்கெனவே ஆகிவிட்ட செலவில், இனி எந்த முடிவை எடுத்தாலும் திரும்பக் கிடைக்காத பகுதி. லாபம் தந்த செலவாகவும் இருக்கலாம், நட்டம் தந்ததாகவும் இருக்கலாம். முடிவெடுக்கும்போது சேர்க்கப்படாது, அந்தச் செலவால் கிடைத்த பொருளும் தகவலும் சேர்க்கப்படும். “ஆன செலவு ஆச்சு, இனி ஆகறதைப் பாரு.” இலங்கை வழக்கு: மீளாக் கிரயம்.

கிரயம் என்றால் தமிழ்நாட்டில் பத்திரப் பதிவு நினைவுதான் வரும் என்பதால் ‘இலங்கை வழக்கு’ என்ற குறிப்பு அவசியம். ‘கட்டுண்ட செலவு’ என்பதை இப்போதைக்குக் கேள்விக்குறியோடு சேர்த்திருக்கிறேன். ஐயா, ‘கட்டுண்ட’ நன்றாக இருக்கிறதா, ‘பிணைந்த’ என்று போடலாமா? வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து