இலவச எம்பி3 தளத்தில் எங்கள் பாட்டு: நாங்களே இலவசமாகக் கொடுத்துவிடலாமா?

சிங்கப்பூரில் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு வெளியிடுகிறவர்களிடம் ஓர் உதவி. மார்ச்சில் வந்த எங்கள் பாட்டு இலவச எம்பி3 தளமொன்றில் உயர்தர (320 கேபிபிஎஸ்) கோப்பாகக் கிடைக்கிறது. கோப்புக்குள் இருக்கும் விவரக் குறிப்பான டேகில் பாடகர், இசையமைப்பாளர் பெயரை அழித்துத் தளத்தின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்ஆர்சி அடையாள எண்ணும் இல்லை. காசு போனதைவிட இதுதான் வலிக்கிறது. பாட்டு பிடித்தவர்கூட எங்களைத் தேடி வர வழியில்லை.

தளத்துக்கு அனுப்பிய நீக்கக் கோரிக்கை மெயில் திரும்பி வந்துவிட்டது. கூகுளில் சொன்னதும் தேடலிலிருந்து அந்தப் பக்கத்தின் முகவரியை எடுத்துவிட்டார்கள்; உடனே பாட்டு வேறு முகவரியில் முளைத்தது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சிங்கப்பூர் அமைப்பான காம்பஸில் பாட்டைப் பதிந்திருக்கிறோம், ஆனால் இந்தப் பதிவிறக்கங்களுக்கு ராயல்டி வராது.

கலைஞர்கள் தாங்களே பாட்டை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் குறைந்தபட்ச விலையைப் பூஜ்யமாக்கி, சரியான டேகோடு, மின்னஞ்சல் முகவரி வாங்கிக்கொண்டு கொடுக்க யோசனை. அப்படிக் கொடுத்தவர்களே, அதன்பிறகு உங்கள் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் கூடினார்களா?