கலாபகஸ் எஸ்பனோலா தீவு: முட்டிவலியோடு நடக்க முடியுமா?

வணக்கம் மக்களே, செப்டம்பரில் பதினாறு பேர் மட்டும் போகும் சின்னக் கப்பலில் ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளுக்குப் போகிறோம், அம்மாவும் வருகிறார், வயது 63, இடது முட்டியில் தேய்மானம். பார்தலோமே தீவில் உச்சிவரை மரப்படிக்கட்டு இருக்கிறது, நின்று நின்று ஏறிவிடுவார். கவலையெல்லாம் எஸ்பனோலா தீவின் புன்டா சுவாரெஸ் முனைதான். பாதை முழுக்கக் கரடுமுரடான கற்கள், குறுக்கே கடல் உடும்புகள் வேறு வெயில் காய்ந்துகொண்டு கிடக்குமாம், வழிகாட்டியை விட்டுத் தனியாக நடக்கவும் தேசியப் பூங்கா விதி இடம் தராது. ஆனால் கலாபகஸ் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் அந்தத் தீவில்தான், அதை விட்டுவிட அம்மாவுக்கு மனசில்லை.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: பாதி வழியில் திரும்ப விடுவார்களா? ரப்பர் முனை வைத்த கைத்தடி அந்தக் கல்லில் வழுக்குமா? அப்புறம், முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையேறும் இடங்களுக்குச் செருப்பா, ஷூவா?