பிள்ளை தாமதமாகப் பிறந்தால் விடுப்பில் கழிப்பார்களா?

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியை வைத்துத்தான் மகப்பேறு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். பையன் ஒன்பது நாள் கழித்துப் பிறந்தான். தையல்கூட ஆறவில்லை, அலுவலகத்திலிருந்து போன். "முன்னாடியே ஒன்பது நாள் கூட எடுத்துட்டீங்க மேடம், பின்னாடி கழிச்சுக்கறோம்." தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

தொழிற்சங்கத்தில் இருக்கும் அக்காவிடம் சொன்னபோது, "பிள்ளை எப்ப வரணும்னு நீயா முடிவு பண்ணினே?" என்றார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000இல் நிறைவேற்றிய 183ஆம் எண் உடன்படிக்கையை எடுத்துக் காட்டினார். விடுப்பு குறைந்தது 14 வாரம். அதில் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் கட்டாயம். தேதி தள்ளிப்போனால் அத்தனை நாளும் முன்பகுதி விடுப்போடு சேர்த்து நீட்டிக்கப்படும். பிந்தைய கட்டாய விடுப்பில் கைவைக்கக் கூடாது. என் சிக்கலை அப்படியே யாரோ முன்கூட்டி யோசித்து எழுதியதுபோல இருந்தது.

ஆனால் எங்கள் நாடு அதை ஏற்கவில்லை. ஏற்காத நாட்டை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தேன். பேரம் பேசி ஆறு நாளைத் திருப்பித் தந்தார்கள்! மூன்று நாள் போனது போனதுதான்.

*

என் கதை வேலைக்குச் சேரும் முன்பே. நேர்காணல் முடிந்து மருத்துவப் பரிசோதனை. சிறுநீருக்குக் குப்பியை நீட்டியபோது சர்க்கரைக்கு என்று நினைத்தேன். கர்ப்பப் பரிசோதனை என்பது சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்குச் சட்டம் தடுத்த வேலை, ஆபத்துள்ள வேலை என்றால் தவிர, இப்படிக் கேட்கவே கூடாது என்று அதே உடன்படிக்கையில் இருக்கிறதாம். எனக்கோ நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை.

*

மறுபக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். ஆறு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் என்னுடையது. ஒரு பெண் விடுப்பில் போனபோது அவர் சம்பளம், பதிலுக்கு வந்தவர் சம்பளம் இரண்டும் என் தலையில். அடுத்த ஆளாக ஆணையே எடுக்கலாமா என்று மனம் போனது உண்மை. பிறகுதான் படித்தேன்: விடுப்புக்காலப் பணம் முந்தைய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது, அது சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளி மேல் சுமத்தக் கூடாது என்பதுதான் அந்த உடன்படிக்கையின் பொது விதி. எனக்கு அப்படி எந்த நிதியிலிருந்தும் பணம் வரவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டார், அதே மேசைக்கு. பால் கொடுக்கப் போகும் இடைவேளையைச் சம்பளத்தில் பிடிப்பதில்லை.