சிந்தியா நிக்சனின் பிரசாரத்தால் என்ன பயன்?

கேள்வி:
2018ஆம் ஆண்டு நியூயார்க் மாநில ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை எதிர்த்து நடிகை சிந்தியா நிக்சன் போட்டியிட்டார். சீர்கெட்ட சுரங்க ரயில் சேவை, குடியிருப்போருக்கான வாடகைப் பாதுகாப்பு, கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்குதல் ஆகியவற்றை முன்வைத்து ஊர் ஊராகப் பேசியும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளே அவருக்குக் கிடைத்தன. 2014 உட்கட்சித் தேர்தலில் குவோமோவை எதிர்த்த செஃபிர் டீச்சவுட் பெற்ற பங்கும் இதே அளவுதான். அப்படியிருந்தும் இதை முற்போக்காளர்களின் வெற்றி என்று சிலர் எழுதுவது சரிதானா?

முதல் மறுமொழி:
வாக்கு எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த மாதங்களில் குவோமோ செய்தவற்றைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியின் பெயரில் வென்று, மாநில மேலவையில் குடியரசுக் கட்சியோடு கைகோத்திருந்த எட்டு உறுப்பினர்களின் தனி அணியை அவர் பல ஆண்டுகள் கண்டும் காணாமல் இருந்தார். மார்ச்சில் நிக்சன் களமிறங்கினார், ஏப்ரலில் அந்த அணி கலைந்தது. பரோலில் இருப்போருக்கு வாக்குரிமை தரும் ஆணையும் அதே மாதம் வந்தது. இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் மறுமொழி:
எல்லாப் பெருமையையும் நிக்சனுக்கே எழுதிவைப்பது நியாயமாகாது. 2016இல் டிரம்ப் வென்றபின் எழுந்த கோபத்தில், அந்த எட்டுப் பேருக்கு எதிராக அவரவர் தொகுதிகளிலேயே குழுக்கள் திரண்டன. நிக்சனுக்கு முன்பே போட்டியை அறிவித்தவர்களும் உண்டு. 2018 செப்டம்பர் 13 அன்று நடந்த உட்கட்சித் தேர்தலில் எட்டுப் பேரில் ஆறு பேர் தோற்றனர். அணித்தலைவர் ஜெஃப் கிளைனை அலெசாண்ட்ரா பியாஜி வீழ்த்தினார். நவம்பரில் மேலவை ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்ததால்தான், பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த வாடகைப் பாதுகாப்புச் சட்டம் 2019 ஜூனில் நிறைவேறியது. ஆளுநர் போட்டியைவிட இந்தச் சிறு தொகுதிகளே முக்கியம் என்பது என் கருத்து.

மூன்றாம் மறுமொழி:
விதிகளையும் கவனிக்க வேண்டும். கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும் என்பதோடு, வேறு கட்சியிலோ எதிலும் சேராமலோ பதிந்திருந்தவர்கள் மாறிக்கொள்வதற்கான கெடு 2017 அக்டோபரிலேயே, அதாவது நிக்சன் அறிவிப்பதற்கு ஐந்து மாதம் முன்பே, முடிந்துவிட்டது. குவோமோவிடமோ 3 கோடி டாலருக்கு மேல் தேர்தல் நிதி இருந்தது. இருந்தும் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் நிக்சனுக்கு வாக்களித்தனர். அது டீச்சவுட் பெற்றதைப்போல் இரு மடங்குக்கும் மேல், ஆகவே பங்கை மட்டும் ஒப்பிடுவது போதாது. கஞ்சா மசோதாவில் 2021 மார்ச்சில் கையெழுத்திட்டவர், அதே குவோமோதான்.