கொல்லைப்புறத் தளம்: 8,000 ரூபாய்க்குள் சீர்படுத்த வழி?

கொல்லைவாசல்:
வீடு திருச்சியில. பின்கதவைத் திறந்தா 12க்கு 10 அடி சிமென்ட் தளம், போட்டு 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. மேல கறுப்பா பாசி. குழாய்கிட்ட ரெண்டு வெடிப்பு. 12 அடிச் சுவர் ஓரத்துல தளம் விலகி சுண்டுவிரல் நுழையற சந்து. காம்பவுண்டுச் சுவர்ல கீழ 2 அடிக்கு பெயின்ட் உப்பி உதிருது. மாலை 3 மணிக்கு மேல மேற்கு வெயில் நேரா அடிக்கும். ரெண்டு நாற்காலி போட்டு உட்காரணும், அவ்வளவுதான். எபாக்ஸி பெயின்ட் அடிச்சா புதுசாயிடும்னு பெயின்டர் சொல்றார். இல்ல பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிடலாமா? கதவுப் படி தளத்தைவிட 2 இன்ச்தான் உயரம்.

கொத்துக்கரண்டி:
எபாக்ஸி வேணாம் சார். வெயில்ல மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும். அடியில ஈரம் இருந்தா கொப்புளம் கொப்புளமா கிளம்பும். 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு தளத்துல ஒட்டி ஒரு நாள் விடுங்க. பிரிக்கும்போது உள்பக்கம் வேர்த்திருந்தா எந்த பெயின்டும் நிக்காது.

அடுத்து நாலு பக்கெட் தண்ணி ஊத்துங்க. அரை மணி கழிச்சு எங்க தேங்குதோ அங்க ஒரு அஞ்சு ரூபாய் காசைப் போடுங்க. காசு மூழ்கினா அந்த இடத்தைச் சாக்பீஸால சுத்தி வரைஞ்சு வைங்க. பாசிக்குக் காரணம் அந்தத் தேங்கின தண்ணிதான். வாட்டம் 8 அடிக்கு 1 இன்ச் இருக்கணும். முழுத் தளத்தையும் உடைக்க வேண்டியதில்ல, தேங்கற இடத்தைச் சரி பண்ணினாலே பாதி வேலை முடிஞ்சுது.

டைல்ஸ்பிரியன்:
120 சதுர அடிக்கு ஒரு அடி டைல் 120, உடைசலுக்கு 6 சேர்த்து 126. ஒரே வாரத்துல முடிஞ்சிடும். ஒட்டுப்போட்ட தளம் என்னைக்கும் ஒட்டுப்போட்ட தளம்தான்.

கொத்துக்கரண்டி:
டைல் 20 மில்லிமீட்டர், அடிக்கலவை 25 மில்லிமீட்டர். மொத்தம் 45. படியோட உயரமே 50தான். ஐப்பசி மழைல சாரல் நேரா வீட்டுக்குள்ள வரும். பசை போட்டு மெல்லிசா ஒட்டலாமேன்னா, பள்ளமான தளத்துல பசை நிரவாது. டைலுக்கு அடியில வெத்திடம் நின்னு, கனமா எதையாவது வச்சா விரியும். தவிர டைல், கலவை, கூலி எல்லாம் சேர்த்தா 8,000 பத்தாது.

சங்குப்பூ:
மேற்கு வெயிலுக்குத் தலைக்கு மேல பச்சை வலை கட்டறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. 4 மணிக்கு மேல வெயில் சாய்வா வலைக்கு அடியில புகுந்து முகத்துல அடிக்கும். மேற்குப் பக்கம் செங்குத்தா, தரையிலேருந்து 7 அடி உயரத்துக்கு, ரெண்டு ஜிஐ கம்பிக்கு நடுவுல 75 சதவீதம் வெயிலை மறைக்கற வலை கட்டுங்க. ஐப்பசிக் காத்துக்கு முன்னாடி அவிழ்த்து வைக்கற மாதிரி கண்ணிமுடிச்சா இருக்கட்டும், இல்லன்னா ஓரத்துலேருந்து கிழியும்.

வலையே வேணாம்னா அதே கம்பில சங்குப்பூ ஏத்தலாம். விதையை ராத்திரி முழுக்க ஊற வச்சு நடணும். தொட்டியில செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கின தொழுவுரம் மூணும் சமமா. தொட்டியைத் தரையில வைக்காதீங்க, செங்கல் மேல தூக்கி வைங்க. இல்லன்னா அடியில வட்டம் வட்டமா உப்புக்கறை விழும், பாசியும் திரும்ப வரும். காகிதப்பூ வெயிலுக்கு நல்லா வரும், ஆனா நாற்காலி பக்கத்துல முள் குத்தும். மணி பிளான்ட் அந்த வெயில்ல கருகிடும்.

கொல்லைவாசல்:
பாலிதீன் வேர்த்திருந்தது. குழாயடியில ரெண்டடி அகலத்துக்குத் தேங்குது, காசு மூழ்குது. பாசிக்கு ஆசிட் ஊத்தலாமா?

கொத்துக்கரண்டி:
ஆசிட் கூடாது. சிமென்ட் மேல்தோலைத் தின்னுடும், மணல் மணலா வரும், அந்தச் சொரசொரப்புல பாசி இன்னும் கெட்டியா பிடிக்கும். 10 லிட்டர் தண்ணிக்கு 250 கிராம் பிளீச்சிங் பவுடர். சாயங்காலம் ஊத்துங்க, வெயில்ல வீரியம் போயிடும். அரை மணி கழிச்சு ஈர்க்குமாறால தேய்ச்சு அலம்பணும். அதோட ஆசிட் எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது, குளோரின் வாயு வரும். கழுவின தண்ணி செடிப்பக்கம் போக வேணாம்.

வெடிப்பை மேலாகப் பூசினா ஒரு மழைக்காலத்துல கழண்டுடும். உளியால 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திறந்து, தூசியை ஊதி, நனைச்சு வைங்க. எஸ்பிஆர் லேடெக்ஸும் (சிமென்ட் நல்லா ஒட்டறதுக்குச் சேர்க்கற ரப்பர் பால்) தண்ணியும் சமமா கலந்து அதுல சிமென்டைக் கூழா குழைச்சு, பிரஷ்ஷால தேய்ங்க. அது காயறதுக்குள்ள ஒரு பங்கு சிமென்டுக்கு மூணு பங்கு மணல் கலவையை அழுத்தணும். காய விட்டா அதுவே ரெண்டையும் பிரிக்கற தோலாயிடும். குழாயடிப் பள்ளத்துக்கும் இதே கலவைதான். ஆனா ஓரத்தைச் சன்னமா இழைக்காதீங்க, சன்ன ஓரம்தான் முதல்ல பெயரும். சுத்தி நேரா வெட்டி, 10 மில்லிமீட்டராவது ஆழம் வச்சுப் பூசுங்க. ஏழு நாள் ஈரச்சாக்கு. ஒட்டு வேற நிறமா தெரியும், ஒரு வருஷம் பொறுங்க.

சுவர் ஓரச் சந்துக்குச் சிமென்ட் போடாதீங்க. தளமும் சுவரும் தனித்தனியா அசையும், மறுபடி விடும். நுரைக்கயிறு திணிச்சு மேல பியூ சீலன்ட், அதாவது காய்ஞ்சாலும் ரப்பர் மாதிரி வளையற பசை. 10க்கு 10 மில்லிமீட்டர் சந்துன்னா 300 மில்லி குழல் ஒண்ணு சுமார் 10 அடிக்கு வரும். உங்களுக்கு ரெண்டு குழல்.

கிளிஞ்சல்:
சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பே போதும், 3 கிலோ நீத்தாதது, அதாவது இன்னும் தண்ணி ஊத்தாதது. பிளாஸ்டிக் பக்கெட்ல நீத்தாதீங்க, கொதிக்கற சூட்டுல இளகிடும். பழைய தகர டின் எடுங்க, பிள்ளைங்க பக்கத்துல நிக்க வேணாம். ராத்திரி ஊறினதைத் துணில வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைச்சு, காலைல சுவரை நனைச்சு மூணு கை அடிங்க. பழைய பெயின்டை முழுசா சுரண்டணும், அதுமேல சுண்ணாம்பு பிடிக்காது. பிடிமானத்துக்குச் சிலர் உப்பு போடுவாங்க; ஏற்கெனவே உப்பு பூத்த சுவருக்கு அது வேணாம். சுவருக்கு அந்தப் பக்கம் மண்ணு குவிஞ்சு கிடக்கான்னு பாருங்க. இருந்தா அதை முதல்ல வெட்டி எடுங்க, அதுவரைக்கும் சுண்ணாம்பு வாங்க வேணாம்.